வேதாகம அற்புதக் கதையைத் தொன்மமாக வாசிப்பது எப்படி

ஐந்து அப்பங்களும் இரண்டு மீன்களும் ஐயாயிரம் பேருக்கு எப்படிப் போதின என்று வேதபாட வகுப்பில் யாரேனும் கேட்டால், பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் கிடைக்கும். தேவனால் எல்லாம் கூடும் என்பது ஒன்று. இதெல்லாம் நடந்திருக்கவே முடியாது என்பது மற்றொன்று. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரண்டும் உண்மையில் ஒரே கேள்வியோடு நின்றுவிடுகின்றன: நடந்ததா, நடக்கவில்லையா? 19, 20ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மானியப் புராட்டஸ்டண்ட் இறையியலில் வளர்ந்த தொன்ம வாசிப்பு அந்தக் கேள்வியைச் சற்றே தள்ளிவைத்து, இந்தக் கதை எதை அறிவிக்கிறது, எந்தப் பழைய நினைவுகளைத் துணைக்கு அழைத்து அதை அறிவிக்கிறது என்று கேட்கிறது. அந்த வாசிப்பைப் பொறுப்போடு செய்துபார்க்க விரும்பும் வாசகருக்காக, வேதபாடம் நடத்துபவருக்காக, பிரசங்கம் ஆயத்தம் செய்பவருக்காக இதை எழுதுகிறேன்.

தொன்மம் என்பதை இங்கே பொய்க்கதை என்ற பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டாம். மார்பர்க் பல்கலைக்கழகத்தில் புதிய ஏற்பாடு கற்பித்த ருடால்ஃப் புல்ட்மான் (1884–1976) தந்த விளக்கம் நடைமுறைக்கு உதவுவது: இவ்வுலகுக்கு அப்பாற்பட்டதை இவ்வுலகின் பொருள்களாகவும் நிகழ்ச்சிகளாகவும் காட்டிப் பேசுவது தொன்மம். கடவுள் நம்மை முற்றிலும் கடந்தவர் என்பதை, அவர் வானத்தில் வெகு உயரத்தில் வீற்றிருக்கிறார் என்று ஒருவர் சொல்லும்போது, அவர் தொன்ம மொழியில் பேசுகிறார். இந்த விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், ஒரு கதையைத் தொன்மம் என்று அழைப்பது அதை ஒதுக்கும் தீர்ப்பாக இராது. அதன் பொருளைத் தேடும் வேலை அங்கேதான் தொடங்கும். புல்ட்மான் தமது முறைக்குத் தொன்மநீக்கம் என்ற பெயரைச் சூட்டியது ஒருவகையில் துரதிர்ஷ்டமே, ஏனெனில் தொன்மத்தை நீக்கக் கூடாது, விளக்க வேண்டும் என்பதே அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியது.

இதற்குத் தேவையான கருவிகள் மிகக் குறைவு. ஒத்தவாக்கியங்கள் அச்சிடப்பட்ட வேதாகமம் ஒன்று, முடிந்தால் இரண்டாவது மொழிபெயர்ப்பு ஒன்று, ஒரு நோட்டுப் புத்தகம். பழைய ஏற்பாட்டைப் புரட்டச் சோம்பல்படாத மனம் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது.

தவிர்க்க வேண்டிய இரண்டு வழிகள்

முதலாவது, அற்புதத்துக்கு இயற்கையான காரணம் கண்டுபிடிக்கும் வழி. ஹைடெல்பெர்க்கில் பேராசிரியராக இருந்த ஹைன்ரிக் பவுலுஸ் 1828இல் வெளியிட்ட இயேசு வரலாற்றில் இந்த முறையை இறுதிவரை கொண்டுசென்றார். அவர் கணக்கில், இயேசுவும் சீஷரும் தங்களிடம் இருந்த கொஞ்ச உணவைப் பகிரத் தொடங்கியதைக் கண்டு, உணவு கொண்டுவந்திருந்த மற்றவர்களும் பகிர்ந்தார்கள், எல்லோருக்கும் போதுமானதாயிற்று. இயேசு கடலின்மேல் நடக்கவில்லை, கரையோரமாக நடந்தார். இருளிலும் மூடுபனியிலும் சீஷருக்கு அப்படித் தோன்றிற்று. பகிர்வைப் பற்றிய அந்த முதல் விளக்கத்தை இன்றும் பிரசங்கபீடங்களில் கேட்கலாம், கேட்க இனிமையாகவும் இருக்கும். ஆனால் அந்த விளக்கத்துக்கு நான்கு நற்செய்தி நூல்களிலும் ஒரு வரிகூட ஆதாரம் இல்லை. மடியில் மறைத்துவைத்த அப்பங்களைப் பற்றி எந்த ஆசிரியரும் பேசவில்லை. கதை சொன்னவர் சொன்னதை அழித்துவிட்டு அவர் சொல்லாததை எழுதிச் சேர்க்கும் இந்த முறை, பக்திமிக்க நேரடி வாசிப்பைக்காட்டிலும் மூலத்துக்கு அதிகத் துரோகம் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவது, வெட்டி எறியும் வழி. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் முதுமையில், சுமார் 1820இல், கிரேக்கம், லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலப் புதிய ஏற்பாடுகளிலிருந்து பகுதிகளைக் கத்தியால் வெட்டி ஒட்டித் தமக்கென ஒரு நூலைத் தொகுத்தார். அதில் இயேசுவின் போதனைகள் இருந்தன, அற்புதங்கள் பெரும்பாலும் இல்லை. கல்லறையின் வாசலில் கல் புரட்டிவைக்கப்பட்டதோடு நூல் முடிந்துவிடுகிறது. அப்படி எஞ்சும் இயேசு ஒரு நல்லொழுக்க ஆசிரியர் மட்டுமே. அப்படிப்பட்ட ஒருவருக்காக எதற்கு ஒரு சபை உருவானது என்ற கேள்விக்கு அந்த நூலில் பதில் கிடைக்காது.

இவ்விரண்டுக்கும் வெளியே மூன்றாவது வழியை முழு நான்கு நற்செய்தி நூல்களுக்கும் விரித்துக் காட்டியவர் டாவிட் ஃப்ரீட்ரிக் ஷ்ட்ராவுஸ் (1808–1874). ஒவ்வொரு கதைக்கும் அவர் முதலில் நேரடி நம்பிக்கை வாசிப்பை எடுத்துவைத்தார். பிறகு பவுலுஸ் போன்றோரின் இயற்கை விளக்கத்தை எடுத்து, அது அதைவிட நம்பமுடியாதது என்று காட்டினார். அதன் பிறகே, மேசியாவைப் பற்றிப் பழைய ஏற்பாட்டிலிருந்து பெற்ற எதிர்பார்ப்புகளை ஆதிச் சபை இயேசுவின் மேல் கதையாக நெய்தது என்ற தம் முடிவுக்கு வந்தார். ஏமாற்றும் நோக்கம் இல்லாமல் ஒரு சமூகத்தின் நம்பிக்கையிலிருந்து தானாக முளைப்பது தொன்மம் என்பது அவர் வாதத்தின் உயிர்நாடி. 1835இல் வெளிவந்த அந்த நூலுக்காக அவர் ட்யூபிங்கனில் வேலையை இழந்தார். 1839இல் சூரிச் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தபோது எழுந்த மக்கள் எதிர்ப்பால், ஒரு வகுப்புகூட எடுக்காமலே ஓய்வூதியம் தந்து அனுப்பப்பட்டார்; அந்த ஆண்டு செப்டம்பரில் சூரிச் அரசே கவிழ்ந்தது. இந்த வாசிப்பு எத்தனை ஆழமான நரம்பைத் தொடுகிறது என்பதைத் தொடங்கும் முன்பே அறிந்திருப்பது நல்லது.

இயற்கை விதிகளிலிருந்து தொடங்க வேண்டாம்

அற்புதம் நடக்க முடியுமா என்பது தத்துவக் கேள்வி. இந்தக் கதை எப்படிப்பட்ட எழுத்து என்பது இலக்கியக் கேள்வி. இவ்விரண்டையும் கலந்துவிடுவதே இந்தத் துறையில் மிகப் பரவலாக நேரும் பிழை. ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் 1748இல் முன்வைத்த வாதம் முதல் வகையைச் சேர்ந்தது: இயற்கை விதிக்கு ஆதரவாக நிற்கும் ஒட்டுமொத்த அனுபவத்தைவிட எந்தச் சாட்சியமும் வலுவானதாக இருப்பது அரிது என்றார் அவர். அந்த வாதத்தை ஏற்பவர்களும் உண்டு, கடுமையாக மறுப்பவர்களும் உண்டு. தொன்ம வாசிப்புக்கு அந்த வழக்கு தீர்ந்தாக வேண்டிய அவசியம் இல்லை.

புல்ட்மானும் இந்த இடத்தில் சறுக்கினார் என்றே நினைக்கிறேன். 1941இல் ஜெர்மனியின் அல்பிர்ஸ்பாக்கில் அவர் ஆற்றிய புகழ்பெற்ற உரையில், மின்விளக்கையும் வானொலியையும் பயன்படுத்திக்கொண்டு, நோய் வந்தால் நவீன மருத்துவத்தை நாடிக்கொண்டு, அதே வேளையில் புதிய ஏற்பாட்டின் ஆவிகளும் அற்புதங்களும் நிறைந்த உலகத்தை நம்ப முடியாது என்றார். ஆனால் உலகெங்கும் கோடிக்கணக்கான கிறிஸ்தவர்கள் அறுவை சிகிச்சைக்கும் ஒப்புக்கொண்டு, குணமாக்கும்படி ஜெபமும் செய்கிறார்கள். அவர்கள் மனத்தில் அந்த முரண் தோன்றுவதில்லை. மின்விளக்கு வாதத்தை வைத்துத் தொடங்கினால், எதிரில் இருப்பவர் தம்மை அறியாதவர் என்று சொல்வதாகவே எடுத்துக்கொள்வார், அதன்பின் உரையாடல் நடக்காது. கதைக்குள்ளிருந்தே தொடங்குவது இன்னும் நேர்மையானது, இன்னும் வலுவானதும்கூட: இந்த எழுத்து தன்னை எப்படி வாசிக்கச் சொல்கிறது என்பதற்கான அடையாளங்களை அதற்குள்ளேயே தேடுங்கள்.

ஒரு கதையோடு உட்காருதல்: மாற்கு 6:30–44

அப்பக் கதையையே எடுத்துக்கொள்வோம். முதல் வேலை, கதையின் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்ப்பது. மாற்கு இதற்குச் சற்று முன்பு வேறொரு விருந்தை வைத்திருக்கிறார். ஏரோது தன் பிறந்தநாளில் பிரபுக்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் கலிலேயாவின் பெரிய மனிதர்களுக்கும் அளித்த விருந்து அது. யோவான்ஸ்நானனின் தலை ஒரு தாலத்தில் கொண்டுவரப்பட்டதோடு முடிகிறது. அதை வாசித்த கண்ணோடு அடுத்த பக்கத்துக்கு வந்தால், அரண்மனைக்கு வெளியே, வனாந்தரத்தில், அழைப்பில்லாத ஜனங்களுக்கு நடக்கும் விருந்து தானாகவே வேறொரு ஒளியில் தெரியும். இரண்டு அரசர்கள், இரண்டு பந்திகள். ஒன்று உயிரைப் பறிக்கிறது, மற்றொன்று உயிரைக் காக்கிறது.

இரண்டாவது வேலை, கதைக்கு அவசியமில்லாத விவரங்களைக் கோடிட்டுக்கொள்வது. நடந்ததைச் சொல்லுவதற்குத் தேவைப்படாத விவரம் எதையோ சுட்டுவதற்காக வைக்கப்பட்டிருக்கலாம். ஜனங்கள் மேய்ப்பனில்லாத ஆடுகளைப் போல இருந்தார்கள் என்கிறார் மாற்கு. தனக்குப் பின் ஒரு தலைவனை நியமிக்கும்படி மோசே கர்த்தரிடம் வேண்டும்போது சொல்லும் உவமை அது (எண்ணாகமம் 27:17). பசும்புல்லின் மேல் உட்காரவைத்தார் என்கிறார். வனாந்தரத்தில் பசும்புல் எதற்கு என்று கேட்டால், புல்லுள்ள இடங்களில் மேய்க்கும் மேய்ப்பனைப் பாடும் 23ஆம் சங்கீதம் பக்கத்தில் வந்து நிற்கிறது. நூறுநூறு பேராகவும் ஐம்பதைம்பது பேராகவும் அமர்ந்தார்கள் என்பது, மோசே இஸ்ரவேலரை நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் தலைவர்களின்கீழ் ஒழுங்குபடுத்தியதை (யாத்திராகமம் 18:25) நினைவூட்டுகிறது. வனாந்தரத்தில் வானத்திலிருந்து வந்த மன்னாவைச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாவதாக, இதே சட்டகத்தில் அமைந்த பழைய கதை ஏதேனும் உண்டா என்று தேடுங்கள். இங்கே அது மறைக்கப்படக்கூட இல்லை. 2 இராஜாக்கள் 4:42–44இல் ஒரு மனிதன் எலிசாவுக்கு இருபது வாற்கோதுமை அப்பங்களைக் கொண்டுவருகிறான். ஜனங்களுக்குக் கொடு என்கிறார் எலிசா. இதை நூறு பேருக்கு எப்படி வைப்பேன் என்று பணிவிடைக்காரன் தயங்குகிறான். ஆனாலும் அவர்கள் சாப்பிடுகிறார்கள், மீதியும் இருக்கிறது. கட்டளை, தயக்கம், திருப்தி, மீதம் என்ற அந்த நான்கு அசைவுகளும் மாற்குவிடம் அப்படியே வருகின்றன, எண்கள் மட்டும் பெருத்திருக்கின்றன. யோவான் 6:9 அப்பங்களை வாற்கோதுமை அப்பங்கள் என்றே குறிப்பிட்டு எலிசாவின் பக்கமாக இன்னும் ஓர் அடி நகர்கிறது.

நான்காவதாக, வினைச்சொற்களின் வரிசையைக் கவனியுங்கள். இயேசு அப்பங்களை எடுத்து, ஆசீர்வதித்து, பிட்டு, கொடுக்கிறார். மாற்கு 14:22இல் கடைசி இராப்போஜனத்தின்போது அதே வரிசை திரும்புகிறது. இந்தக் கதையை முதலில் கேட்ட சபை வாரந்தோறும் கூடி அப்பம் பிட்ட சபை. அந்த நான்கு வினைகளும் காதில் விழும்போதே அவர்களுக்குத் தங்கள் பந்தி நினைவுக்கு வந்திருக்கும்.

கடைசியாக, ஆசிரியரே தம் கதையை எப்படி வாசிக்கச் சொல்கிறார் என்று பாருங்கள். எல்லாக் கதைகளிலும் இந்த வசதி கிடைக்காது, இங்கே கிடைக்கிறது. 8ஆம் அதிகாரத்தில் நாலாயிரம் பேருக்கு உணவளித்த இரண்டாம் கதைக்குப் பிறகு, படகில் ஒரே ஓர் அப்பம்தான் இருக்கிறது என்று சீஷர் கவலைப்படுகிறார்கள். இயேசு அவர்களிடம், ஐயாயிரம் பேருக்குப் பிட்டபோது எத்தனை கூடை எடுத்தீர்கள், நாலாயிரம் பேருக்குப் பிட்டபோது எத்தனை கூடை எடுத்தீர்கள் என்று கேட்கிறார். பன்னிரண்டு, ஏழு என்று சரியாகவே பதில் சொல்கிறார்கள். அதற்குப் பிறகும் நீங்கள் உணராதிருக்கிறது எப்படி என்ற கேள்வியோடு அந்தக் காட்சி முடிகிறது. எண்ணிக்கையைச் சரியாகச் சொன்னவர்களே உணராதவர்கள். நடந்ததை ஒப்புக்கொள்வதும் புரிந்துகொள்வதும் வெவ்வேறு என்று சொல்லும் இந்த வரிகள், முதல் நூற்றாண்டிலேயே எழுதப்பட்ட வாசிப்புக் குறிப்பு என்று சொல்வேன்.

இவ்வளவையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய பிறகு, கதை அறிவிப்பதை உங்கள் சொற்களில் இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதிப் பாருங்கள். என் வாக்கியங்கள் இவை: இஸ்ரவேலை வனாந்தரத்தில் போஷித்த தேவன் இந்த மனிதரில் மீண்டும் தம் ஜனத்தைக் கூட்டிச் சேர்க்கிறார், ஏரோதின் பந்தியில் இடமில்லாதவர்களுக்கு அவருடைய பந்தியில் இடமுண்டு, மீதமும் உண்டு, அந்தப் பந்தி சபை அப்பம் பிட்கும் இடத்தில் தொடர்கிறது. கரையில் அன்று மாலை என்ன நடந்தது என்பதை இந்த வாக்கியங்கள் தீர்ப்பதில்லை. பசித்த கூட்டத்தோடு இயேசு உணவு பகிர்ந்த ஏதோ ஒரு நினைவு அடியில் கிடக்கலாம். அதைத் தோண்டி எடுக்க நம்மிடம் கருவி இல்லை. எடுத்தாலும் கதையின் பொருள் அதனால் கூடப்போவதில்லை.

எங்கே நிறுத்துவது

இந்த முறை கைவந்ததும் எல்லா இடத்திலும் பழைய ஏற்பாட்டு எதிரொலி கேட்கத் தொடங்கும். அந்த ஆசையை அடக்க வேண்டும். ஒரே ஒரு சொல் ஒத்துப்போவது சான்றாகாது. பல விவரங்கள் ஒரே திசையில் சுட்ட வேண்டும். அந்தப் பழைய பகுதி முதல் வாசகர்கள் அறிந்ததாக இருக்க வேண்டும். அதைக் கணக்கில் எடுத்தால் கதையில் முன்பு விளங்காத ஒன்று விளங்க வேண்டும். கடலின்மேல் நடக்கும் கதை (மாற்கு 6:45–52) இந்தச் சோதனையில் தேறுகிறது. இயேசு சீஷரைக் கடந்துபோகிறவர்போல் காணப்பட்டார் என்ற விசித்திரமான வரி, உதவிக்கு வருகிறவரைப் பற்றிய கதையில் பொருந்தாமல் நிற்கும். சமுத்திர அலைகளின்மேல் நடக்கிறவர் தேவன் ஒருவரே என்றும், அவர் தன்னைக் கடந்துபோகும்போது தன்னால் அறிய முடியவில்லை என்றும் யோபு 9ஆம் அதிகாரம் சொல்வதையும், மோசேக்கு முன்பாகக் கர்த்தருடைய மகிமை கடந்துபோவதையும் (யாத்திராகமம் 33) வைத்துப் பார்த்தால் அந்த வரி தன் இடத்தில் சரியாகப் பொருந்திவிடுகிறது.

குணமாக்கும் கதைகளும் பேய் ஓட்டும் கதைகளும் வேறு வகை. இயேசு தம் காலத்தில் குணமாக்குபவராகவும் பேய் ஓட்டுபவராகவும் பெயர் பெற்றிருந்தார் என்பதை, அற்புதங்களை ஏற்காத வரலாற்றாய்வாளர்களில் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் அவர் பேய்களைத் துரத்துவதை மறுக்கவில்லை, பெயெல்செபூலால் துரத்துகிறார் என்றுதான் குற்றஞ்சாட்டினார்கள் (மாற்கு 3:22). சொந்த ஊரில் சில நோயாளிகளைக் குணமாக்கியதைத் தவிர வேறு அற்புதம் எதையும் அவரால் செய்யக் கூடாமற்போயிற்று என்ற சங்கடமான குறிப்பை எந்தச் சபையும் தானாகக் கற்பித்திருக்காது (மாற்கு 6:5). ஆகவே இக்கதைகள் முழுவதையும் தொன்மம் என்று ஒரே கூடையில் போடுவது வரலாற்றுக் கண்ணோட்டத்திலேயே தவறு.

பல அடுக்குகள் கொண்ட கதை: செங்கடல்

சில கதைகளில் தொன்மம் ஒரே எழுத்துக்குள் வளர்வதைக் காணலாம். யாத்திராகமம் 14ஐ மெதுவாக வாசித்தால் இரண்டு விவரிப்புகள் பின்னிக் கிடப்பது தெரியும். ஒன்றில் இராமுழுவதும் பலத்த கீழ்க்காற்று வீசிக் கடலை ஒதுங்கச் செய்கிறது. மற்றொன்றில் மோசே கையை நீட்ட, தண்ணீர் இருபுறமும் மதிலாக நிற்கிறது. முதலாவதைப் பழைய மரபுக்கும் இரண்டாவதைப் பிற்கால ஆசாரிய மரபுக்கும் உரியதாக மூலத் திறனாய்வாளர்கள், அதாவது ஒரு நூலுக்கு அடியில் உள்ள பழைய எழுத்துகளைப் பிரித்தறிய முயல்பவர்கள், பிரிக்கிறார்கள். 15ஆம் அதிகாரத்தின் பாடல் இவ்விரண்டையும்விடப் பழையது என்பது பலருடைய கருத்து. அதில் ஜனங்கள் நடந்துபோகும் வறண்ட தரையைவிட, பார்வோனின் சேனை கடலில் ஈயம்போல் அமிழ்ந்ததுதான் முன்னே நிற்கிறது.

இதோடு நிறுத்தாமல் ஏசாயா 51:9–10க்குப் போங்கள். பாபிலோனில் சிறைப்பட்டிருந்த ஜனங்களை நோக்கிப் பேசும் அந்தத் தீர்க்கதரிசி, ஆதியில் வலுசர்ப்பத்தை வெட்டிய கர்த்தருடைய புயத்தையும், கடலை வற்றச்செய்து மீட்கப்பட்டவர்களுக்கு வழி உண்டாக்கிய புயத்தையும் ஒரே மூச்சில் அழைக்கிறார். கடலை வெல்லும் தேவன் என்பது பண்டைய மேற்காசியா முழுவதும் அறிந்த கதை. பாபிலோனியரின் படைப்புக் காவியத்தில் மார்துக் கடல்தேவி தியாமத்தை இரண்டாகப் பிளக்கிறான். சிரியாவின் ராஸ் ஷம்ராவில் 1929 முதல் தோண்டியெடுக்கப்பட்ட, பண்டைய உகரித் நகரின் களிமண் பலகைகளில் பாகால் யாம் என்னும் கடல்தேவனோடு போரிடுகிறான். இஸ்ரவேல் அந்தத் தொன்மத்தை எடுத்து, உலகத் தோற்றத்தைப் பற்றியதாக மட்டும் விடாமல், அடிமைகள் விடுதலையானதைச் சொல்லப் பயன்படுத்தியது. பாபிலோனின் நடுவில் நின்று, பாபிலோனின் தேவனுக்குரிய வெற்றியைத் தங்கள் தேவனுக்குரியதாகப் பாடிய தைரியத்தை எண்ணிப் பார்க்கும்போது, எந்தக் காற்று எத்தனை மணிநேரம் வீசியிருந்தால் எந்த ஏரி வற்றியிருக்கும் என்று கணக்குப் போடும் முயற்சிகள் எனக்கு மிகவும் வறண்டு தெரிகின்றன.

யோசுவா 10இல் சூரியன் நின்ற கதைக்கு இவ்வளவு உழைப்பு வேண்டியதில்லை. யாசேரின் புத்தகத்திலிருந்து எடுத்ததாக அந்த நூலே சொல்லும் கவிதை வரிகள் அவை. கவிதையைக் கவிதையாக வாசித்தால் போதும்.

பொருளை உள்ளத்துக்குள் மட்டும் அடைக்க வேண்டாம்

புல்ட்மானின் முறையில் தொன்மத்தை விளக்கினால், பெரும்பாலும் கிடைப்பது தனிமனிதரின் தீர்மானத்துக்கான அழைப்பு: உன் பாதுகாப்பை நீயே தேடுவதை விட்டுவிட்டு, கடவுளின் எதிர்காலத்துக்கு உன்னைத் திறந்துகொடு. அது ஆழமான அழைப்பு, அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் எல்லாக் கதையும் அதே அழைப்பாகவே முடியும்போது ஏதோ தொலைந்துபோகிறது. பெர்லினின் டெகல் சிறையிலிருந்து 1944இல் எழுதிய கடிதங்களில், ஹிட்லரை எதிர்த்த ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர், புல்ட்மான் அளவுக்கு மீறிப் போய்விட்டதாகப் பலர் நினைப்பதற்கு மாறாக, போதிய தூரம் போகவில்லை என்றே தாம் நினைப்பதாகக் குறிப்பிட்டார். புதிய ஏற்பாட்டின் தொன்ம மொழி ஏதோ ஒரு பொது உண்மைக்கு அணிவித்த ஆடை அல்ல என்பது அவர் கருத்து. 1971இல் ஜெர்மானியப் பெண் இறையியலாளர் டொரோத்தே சோல்லே, புல்ட்மானிடம் கற்ற கேள்விகளையே அவரிடம் திருப்பி, பாவமும் விடுதலையும் சமூக அமைப்புகளிலும் இருப்பதை அவர் இறையியல் காணத் தவறியதென்று வாதிட்டார்.

அப்பக் கதையில் இது உடனே தெரிகிறது. அந்த ஜனங்களுக்கு வயிற்றில் பசி இருந்தது. அப்பத்தை ஆத்தும உணவாக மட்டும் மாற்றிவிட்டால், ஏரோதின் விருந்தோடு மாற்கு வைத்த எதிர்நிலை செத்துவிடும். ஆகவே உங்கள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிய வாக்கியங்களை மீண்டும் பாருங்கள்: கதையில் உடலைத் தொட்ட ஏதேனும் உங்கள் விளக்கத்தில் காணாமற்போயிருந்தால் விளக்கத்தைத் திருத்துங்கள்.

குருடரும் முடவரும் வரும் கதைகளில் இந்த எச்சரிக்கை இன்னும் கூர்மையாகப் பொருந்தும். பார்வையின்மை அறியாமையின் குறியீடு, நடக்க முடியாமை பாவத்தின் குறியீடு என்று விளக்கும் பிரசங்கத்தைப் பார்வையற்ற ஒருவர் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். அவருடைய வாழ்க்கையை மற்றவர்களுக்கான உவமைப்பொருளாக்கும் உரிமை நமக்கு இல்லை. யோவான் 9இல் பிறவிக்குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர் கேட்டதற்கு இயேசு தந்த மறுப்பே அந்தக் கதைக்குள் நிற்கும் வேலி.

உயிர்த்தெழுதல்

இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. வகுப்பில் இரண்டாம் நாளே யாரேனும் கேட்டுவிடுவார்கள். புல்ட்மானுக்குச் சிலுவையின் பொருளை வெளிப்படுத்தும் அறிவிப்பே உயிர்த்தெழுதல். இயேசு நற்செய்தி அறிவிப்புக்குள் உயிர்த்தெழுந்தார் என்று புல்ட்மானின் நிலையை ஒருவர் சுருக்கிச் சொன்னதை, சரியாகப் புரிந்துகொண்டால் ஏற்கத்தக்கது என்றார் அவர். சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த் அதை மறுத்தார். உயிர்த்தெழுதல் மெய்யாகவே நிகழ்ந்தது, ஆனால் வரலாற்றாய்வாளர் தம் கருவிகளால் நிறுவக்கூடிய வகையான நிகழ்ச்சி அல்ல என்றார். ஜெர்மானிய இறையியலாளர் வோல்ஃபார்ட் பன்னன்பெர்க் 1964இல் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்து, அதை வரலாற்று முறையிலேயே ஆராயலாம், ஆராய்ந்தால் நிற்கும் என்று வாதிட்டார். நவீன இறையியல் என்றாலே உயிர்த்தெழுதலை மறுப்பது என்று எண்ணுபவர்கள் இந்த மூவரையும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும்.

என் நிலையைச் சொல்லிவிடுகிறேன். அப்பக் கதைக்குப் பயன்படுத்திய அதே சோதனைகளை இங்கே வைத்தால் வேறு விடை வருகிறது. 1 கொரிந்தியர் 15:3–8இல் பவுல் கதை சொல்லவில்லை. தாம் பெற்றுக்கொண்டதை ஒப்புவிக்கிறேன் என்று கூறிச் சாட்சிகளின் பட்டியலைத் தருகிறார். கேபா, பன்னிருவர், ஐந்நூறுக்கு மேற்பட்ட சகோதரர், யாக்கோபு, கடைசியாகத் தாம். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் சேர்க்கிறார். இந்தப் பகுதி தன் திட்டத்துக்கு இடைஞ்சலாக இருப்பதை உணர்ந்த புல்ட்மான், சாட்சிகளைக் கொண்டு நிரூபிக்க முயன்றது பவுலின் தவறு என்று சொல்ல வேண்டியதாயிற்று. எழுத்து தன்னை வாசிக்கச் சொல்லும் விதத்துக்கு மாறாக வாசிக்க மாட்டோம் என்று ஹைன்ரிக் பவுலுஸுக்கு எதிராகச் சொன்னோமே, அந்த விதி நம்மையும் கட்டும். கண்டோம் என்று அவர்கள் சொன்னது என்ன வகையான காட்சி என்பது திறந்த கேள்வி. ஆனால் அது அவர்களுக்கு ஓர் உருவகமாக இருக்கவில்லை.

அதே வேளையில் பாடு மரணப் பகுதியில் உள்ள எல்லாம் ஒரே எடையுடையவை அல்ல. பூமி அதிர்ந்து, கல்லறைகள் திறந்து, பரிசுத்தவான்கள் அநேகர் எழுந்து நகரத்துக்குள் போனார்கள் என்பதை மத்தேயு 27:51–53 மட்டுமே சொல்கிறது. உங்கள் பிரேதக்குழிகளைத் திறப்பேன் என்னும் எசேக்கியேல் 37ஐ அருகில் வைத்தால், கடைசிக் காலம் இந்தச் சிலுவையில் தொடங்கிவிட்டது என்று அறிவிக்கும் தொன்ம மொழியாகவே அந்த வரிகளைப் படிக்கத் தோன்றுகிறது. ஒவ்வொரு வரியையும் தனித்தனியே சோதிக்கும் பொறுமை இந்த அதிகாரங்களில்தான் மிகவும் தேவைப்படும்.

சபையில் பேசும்போது

இது புதிதாகப் புகுந்த நாத்திகம் என்ற குற்றச்சாட்டு வந்தால், 3ஆம் நூற்றாண்டின் கிறிஸ்தவ அறிஞர் ஓரிகனைச் சொல்லலாம். சூரியனும் சந்திரனும் இல்லாமல் முதல் மூன்று நாட்கள் எப்படி இருந்திருக்கும், கடவுள் ஒரு தோட்டக்காரரைப் போல ஏதேனில் மரம் நட்டார் என்று யார் நம்புவார் என்று வெளிப்படையாகக் கேட்டவர் அவர். அவருடைய உருவக வாசிப்பும் இன்றைய தொன்ம வாசிப்பும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். கத்தோலிக்க நண்பர்களோடு பேசும்போது, அற்புதங்கள் நடக்கவே முடியாதென்றும் ஆகவே அவை யாவும் கட்டுக்கதை என்றும் சொல்வதை 1870இல் முதலாம் வத்திக்கான் சங்கம் கண்டித்திருப்பதையும், வேதாகம நூல்களின் இலக்கிய வகைகளை ஆராயும்படி 1943இல் திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பத்திநாதர் ஊக்கப்படுத்தியதையும் சேர்த்து அறிந்திருக்க வேண்டும். கண்டிக்கப்பட்டது முன்முடிவு, ஊக்கப்படுத்தப்பட்டது ஆய்வு.

பளிச்சென்ற சொற்றொடர்களைத் தவிருங்கள். இங்கிலாந்தின் டர்ஹாம் பேராயராக 1984இல் அபிஷேகம் பெற்ற டேவிட் ஜென்கின்ஸ், உயிர்த்தெழுதல் எலும்புகளைக் கொண்டு செய்யும் வித்தையைவிட மேலானது என்ற பொருளில் பேசினார். உயிர்த்தெழுதலே ஒரு வித்தை என்று அவர் சொன்னதாகச் செய்தி பரவிவிட்டது. அபிஷேகம் நடந்த யார்க் தேவாலயத்தில் மூன்று நாட்களுக்குப் பின் இடி விழுந்து தீப்பற்றியபோது, அதைத் தேவ கோபம் என்றவர்களும் இருந்தார்கள். முழு வாக்கியமாகவே பேசுங்கள். எழுத்து சொல்வது எது, ஆய்வாளர்களின் ஊகம் எது, உங்கள் சொந்த நம்பிக்கை எது என்று கேட்பவர் பிரித்தறியும்படி சொல்லுங்கள். நடந்ததா என்று ஒருவர் நேராகக் கேட்டால் நேராகப் பதில் சொல்லுங்கள், சுற்றி வளைப்பதை அவர் உடனே கண்டுகொள்வார். மருத்துவமனைப் படுக்கையின் அருகே ஒரு குடும்பம் யவீருவின் மகள் கதையைப் பற்றிக்கொண்டு ஜெபிக்கும்போது, இந்த வாசிப்பை எடுத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள். அவர்களோடு சேர்ந்து ஜெபியுங்கள்.

தனியாகப் பயிற்சி செய்ய விரும்புகிறவர் மாற்கு 4:35–41இல் உள்ள புயலை அமர்த்தும் கதையை எடுத்துக்கொள்ளலாம். 107ஆம் சங்கீதத்தின் 23 முதல் 30 வரையுள்ள வசனங்களையும் யோனாவின் முதல் அதிகாரத்தையும் இருபுறமும் திறந்துவைத்து, படகில் தூங்கும் இருவரையும், கடலை அடக்குகிறவர் யார் என்பதையும், கதையின் முடிவில் சீஷர் கேட்கும் கேள்வியையும் வரிவரியாக ஒப்பிட்டு எழுதுங்கள்.